நாட்கூலியும் மாதக் கணக்கும்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் கல்முனைக் கரையிலிருந்து வந்தோர் ஆற்றிய உரை)



"கல்முனைப் பக்கம் ஒரு நாளைக்கு என்ன கூலி?" வந்து இறங்கினதும் நீங்கள் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். மலையை விட்டுக் கீழே போகலாமா என்று பிள்ளைகள் யோசிக்கிற காலம். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வயல்களில் ஆம்பிளைக் கூலி, நீங்கள் ஒரு பேருக்கு வாங்குகிற காசைவிடக் கூடத்தான். ஆனால் அது எத்தனை நாளைக்கு? பெரும்போகம், சிறுபோகம் என்று வருசத்தில் இரண்டு போகம். விதைப்பு, களை, பசளை, மருந்தடிப்பு என்று சில நாட்கள். அறுவடையை இப்போது மெசின் வெட்டித் தள்ளுகிறது. ஒரு கூட்டமே இறங்கி அறுத்த வயலில் இன்று இரண்டு மூன்று பேருக்குத்தான் வேலை. மிச்ச நாட்களில் அந்த ஆள் சந்தியில் நின்று வேலை தேடுவார். பெண்களுக்கோ அதே வயலில் கூலி குறைவு. தோட்டத்தில் ஆண் பெண் சம்பளம் 1984இல் சமமாகிவிட்டது. இந்த விசயத்தில் நீங்கள் எங்களுக்கு முந்தினவர்கள்.

கடலில் நாட்சம்பளமே இல்லை, பங்குதான். எண்ணெய், ஐஸ் செலவு போக மிஞ்சினதைப் படகுக்காரரும் ஆட்களும் பிரிப்பார்கள். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் பங்கும் இல்லை. மருதமுனைக் கைத்தறியில் நெய்த துணிக்குத்தான் காசு.

ஆனால் ஒரு விசயத்தில் எங்கள் பக்கம் மேல். மேசனுக்குக் கையாளாகப் போன பையன் கரண்டி பிடிக்கப் பழகினால் கூலி ஏறும். தனியாகச் சுவர் எழுப்பினால் இன்னும் ஏறும். அரசாங்க உத்தியோகத்தரை எடுத்தால், கல்முனையில் இருந்தாலும் அட்டனில் இருந்தாலும் ஒரே சம்பளத் திட்டம், வருசா வருசம் ஒரு படி. கொழுந்து மலையில் அப்படியா? முப்பது வருசம் கூடை சுமந்த அக்காவுக்கும் நேற்றுப் பேர் பதிந்த பிள்ளைக்கும் ஒரே நாட்சம்பளம். கை வேகத்துக்கு மேலதிக கிலோ காசு வரும், சரி. அனுபவத்துக்கு ஒரு சதம் இல்லை. இது நியாயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். உங்கள் சங்கங்கள் பேச வேண்டிய சங்கதி இது.

தோட்டச் சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் செப்டம்பரில் 1,350இல் நின்றது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, அரசாங்கம் வருகைக்கு 200 சேர்த்துத் தருவதாகச் சொல்லப்பட்டது.

கணக்குக்கு 1,350ஐயே வைப்போம். தொகை ஏறினாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான். 25 நாள் பேர் விழுந்தால் 33,750. 18 நாள் என்றால் 24,300. நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஆக, வீட்டுச் செலவைத் தீர்மானிப்பது நாட்சம்பளம் மட்டுமில்லை, பிரட்டில் எத்தனை நாள் வேலை கொடுக்கிறார்கள், எத்தனை அரைப்பேர் விழுகிறது என்பதும்தான்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத காசு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் வெட்டினால், கம்பனி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு வேறு 3 வீதம். அந்த 33,750க்குக் கம்பனி போடுவது மாதம் 5,000 ரூபாவுக்கு மேல். 5 வருசம் வேலை செய்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு, நாட்சம்பளக்காரருக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில். எங்கள் வயல்காரருக்கும் கடல்காரருக்கும் இது ஒன்றுமே கிடையாது. முதுமையில் பிள்ளைகள் கையைத்தான் பார்க்க வேண்டும்.

கடைக்கோ கட்டட வேலைக்கோ பிள்ளையைக் கேட்டு யாராவது வந்தால் நாட்கூலியை மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். மாதத்தில் எத்தனை நாள் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் யார் செலவு, சேமலாப நிதி கட்டுவார்களா, தொழில் பழக்குவார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற ஆளோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

போன மாதச் சம்பளத் துண்டைக் கொண்டுவந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். எங்கள் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது.