மணியோசை கேளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

(தொலைக்காட்சி அரங்கில் ஜொகூர் பாரு பேச்சாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாற்று சிகிச்சை நிவாரணமா, வியாபாரமா?" என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். எல்லா சிகிச்சைகளையும் பற்றிப் பேச எனக்கு நேரமும் இல்லை, அறிவும் இல்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யோகா வகுப்பு நடக்கும் இடங்களில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறதே, ஒலி சிகிச்சை, அதுதான். அதிலும் குறிப்பாக, சைம்ஸ் என்கிற காற்றுமணியை வைத்துச் செய்கிறார்களே, அது.

எதிரணி அண்ணன், "போகவே போகாதீர்கள், எல்லாம் ஏமாற்று" என்றார். அண்ணே, நீங்கள் போனதில்லை. நான் போயிருக்கிறேன். அங்கே என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறையில் விளக்கை மங்கலாக்கிவிடுவார்கள். தரையில் பாய், தலைக்குச் சிறு தலையணை. மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நடத்துபவர் மணிகளைக் கையில் எடுத்து மெல்ல ஆட்டிக்கொண்டே நம் பக்கத்தில் வருவார், போவார். ஓசை ஒரு காதில் நுழைந்து தலைக்கு மேலே மிதந்து மறு காதுக்குப் போவது போல இருக்கும். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்றுதான் நினைப்பு வரும். பிறகு மூச்சு நிதானப்படும், கை கால் கனக்கும். சிலர் தூங்கிப்போவார்கள். என் பக்கத்தில் படுத்திருந்த ஒருவர் விட்ட குறட்டையில் மணியோசையே கேட்கவில்லை. (சிரிப்பு) சிலருக்குக் காரணமில்லாமல் கண்ணீர் வரும். சிலருக்கு அந்த ஓசையே எரிச்சலாக இருக்கும். எழுந்து வெளியே வந்துவிடலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை. அசையாமல் கிடந்தால் உடம்பு குளிரும். ஒரு சாரோங் கொண்டுபோங்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை ஐயா. தாளம் இல்லை, சொல் இல்லை, அடுத்து என்ன வரும் என்று மனம் தேட வேண்டிய வேலையும் இல்லை. ஓர் ஓசை எழுந்து மெல்லத் தேய்ந்து அடங்குகிறது. அதன் பின்னாலேயே நாமும் அடங்குகிறோம். அந்தத் தேய்மானத்தை வரவழைப்பதுதான் மணி செய்பவரின் கைத்திறன். குழாய் மணியைக் கண்ட இடத்தில் துளைத்துத் தொங்கவிட முடியாது. நுனியிலிருந்து நீளத்தில் நூற்றுக்கு 22 பங்கு தள்ளித் துளை போட வேண்டும். குழாய் அதிரும்போது அந்த இடம் மட்டும் அசையாமல் நிற்கும். அங்கே நூல் கோத்தால் ஓசை நீளும், வேறு இடத்தில் கோத்தால் 'டொக்' என்று செத்துப்போகும். குழாயைப் பாதியாக வெட்டினால் அதிர்வு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு கூடும். எவ்வளவு கணக்கு பாருங்கள்!

இந்த வேலை தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரோவில்லில் 'ஸ்வரம்' என்று ஓர் இசைக்கருவிப் பட்டறை. 2003-இல் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே தொழில் கற்று, காற்றுமணியும் மற்ற ஒலிக்கருவிகளும் செய்கிறார்கள். நம் கை செய்யும் பொருள்தான், அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நம்முடைய தாத்தா பாட்டிக்கு மணி என்றால் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு அடிக்கும் மணி. அது எழுப்பிவிடும் மணி. இன்று விடியற்காலை எழுந்து, பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை முடித்து, இரவில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்குத் தூங்கவைக்க ஒரு மணி தேவைப்படுகிறது. தேவைப்பட்டால் போகட்டுமே!

ஆய்வு உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 62 பேரைப் படுக்கவைத்து, பாடும் கிண்ணங்களையும் மணிகளையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்தது. இறுக்கம், கோபம், சோர்வு, மனவாட்டம் நான்கும் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒன்று. மணியே இல்லாமல் சும்மா படுத்திருந்த இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அரை இருட்டில் ஒரு மணி நேரம் படுக்க விட்டால், நம் வீட்டுத் தாய்மார்களுக்கு மணியில்லாமலே பாதி சோர்வு போய்விடும்! (கைதட்டல்)

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சிரித்தது போதும்.

எங்கள் அத்தை ஒருவர் குளுவாங்கில் இருக்கிறார். பல வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். இப்படி ஓர் அமர்வுக்கு மூன்று தடவை போனார். நல்ல தூக்கம், முகத்தில் தெளிவு, எங்களுக்கும் சந்தோஷம். நடத்தியவர், "உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், மருந்தையே நம்பியிருக்காதீர்கள்" என்றாராம். அத்தை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்துச் சளிக்காகக் கிளினிக் போனபோது அளந்தால் 190-க்கு 110. தாதி திரும்பவும் அளந்தார், அதே எண். அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "நான் நல்லாத்தானேம்மா இருக்கேன்!"

அங்கேதான் ஐயா ஆபத்து. ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது, காட்டிக்கொடுக்காது. நன்றாக இருக்கிறது என்ற உணர்வு உண்மை, மணி கொடுத்ததுதான். ஆனால் ரத்தக்குழாயில் என்ன நடக்கிறது என்பதை அந்த உணர்வு சொல்லாது, அளக்கும் கருவிதான் சொல்லும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். நீரிழிவில் 2019 கணக்குப்படி இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேர், எல்லா இனத்தையும்விட அதிகம். மாத்திரையை விட்டுப் பரிசோதித்துப் பார்க்கும் நிலையிலா நாம் இருக்கிறோம்?

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்றவை ஏழு துறைகள். மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம். நம் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் இந்தியப் பிரிவில் வரும். மணி ஒலி இந்த ஏழில் தனித் துறையாக இல்லை. அதனால் அது கூடாது என்று பொருள் அல்ல. ஓய்வு என்று சொல்லிக் கட்டணம் வாங்கட்டும், கொடுப்போம். சர்க்கரை குணமாகும், புற்றுநோய் கரையும் என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

போவதென்று முடிவு செய்தவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் ஒன்றுக்கு மட்டும் கட்டுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், காதில் இரைச்சல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். உலோகக் கிண்ணத்தை உடம்பின் மேலேயே வைத்துத் தட்டும் இடங்களும் உண்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், வாழ்க்கையே வெறுத்துப் போகிறது என்றால் அது பாயும் மணியும் தீர்க்கும் காரியமல்ல. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அத்தை இப்போதும் போகிறார், ஐயா. நாங்கள் தடுக்கவில்லை. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, அளந்த எண்ணைக் கிளினிக் புத்தகத்தில் எழுதிவிட்டு, மாலையில் மணி கேட்கப் போகிறார். எதிரணி அண்ணனுக்கும் ஒரு பாய் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.