அழுகைக்கு இடம் தந்த நம்பிக்கை

துன்பக் காலத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை மனிதருக்கு எவ்வாறு வலிமை தருகிறது என்னும் கேள்விக்கு விடை தேட ஜெயங்கொண்டம் வட்டாரத்து மக்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்தின் தென் ஓரத்தில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டி அமைந்துள்ள ஏலாக்குறிச்சியும், அங்கே பல ஆண்டுகள் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவரின் தமிழ் நூல்களும் அதற்குத் தக்க சான்றாக நிற்கின்றன. அங்குள்ள அடைக்கல மாதா திருத்தலத்துக்கு இன்று எல்லாச் சமயத்தாரும் வந்து செல்கின்றனர். எனினும் அவ்வூருக்குத் திருக்காவலூர் என்னும் பெயர் வழங்கத் தொடங்கிய காலத்தின் நிலைமை, வரலாறு அறிந்த நேயர்களைத் தவிர மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராட்டிய அரசின் ஆட்சியும் வடக்கே அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயரின் ஆட்சியும் நிலவின. தஞ்சைப் பகுதியில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, அவர்களுள் பலர் ஆற்றைக் கடந்து ஏலாக்குறிச்சியில் தஞ்சம் புகுந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தியாகும். வீட்டையும் விளைநிலத்தையும் உறவையும் அக்கரையில் விட்டு வந்த அம்மக்களின் நடுவேதான் வீரமாமுனிவர் பணியாற்றினார். 1680-இல் இத்தாலி நாட்டின் காஸ்திக்லியோனே என்னும் ஊரில் பிறந்து, இயேசு சபை என்னும் துறவற சபையில் சேர்ந்து, தம் முப்பதாம் வயதளவில் இந்தியா வந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. அவருடைய சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் பரமார்த்த குரு கதையும் பள்ளிப் பாடங்களின் வழியாக நேயர்களுக்கு அறிமுகமானவையே என்பதால், அவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. துன்பத்தைப் பற்றி அவர் எழுதிய பகுதிகளே இவ்வுரைக்கு உரியவை.

1726-இல் நிறைவுற்றதாகக் கருதப்படும் தேம்பாவணி, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியமாகும். தன்னேரில்லாத் தலைவனைக் கொள்வது காப்பிய மரபு. அத்தகைய தலைவனாக வீரமாமுனிவர் தேர்ந்தெடுத்தது ஓர் அரசனையோ, போரில் வென்ற வீரனையோ அன்று. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய தச்சர் சூசையப்பரையே ஆகும். நான்கு நற்செய்தி நூல்களையும் முழுவதும் தேடினாலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூடக் கிடைப்பதில்லை. அவர் கேட்கிறார், எழுகிறார், செய்கிறார், அவ்வளவே. அந்த மௌனமான உழைப்பாளிக்கு வளன் என்னும் தமிழ்ப் பெயரைச் சூட்டி, கம்பனும் சிந்தாமணி ஆசிரியரும் நடந்த பாதையில் அவரை நடக்கவிட்ட துணிவு வியப்புக்குரியது.

அக்காப்பியத்தில் மிகுந்த உருக்கத்துக்கு இடமளிப்பது எகிப்துப் பயணமாகும். ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடுகிறான் என்று வானதூதர் கனவில் அறிவிக்க, சூசையப்பர் இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார் என்று மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் சில வரிகளில் முடித்துவிடுகிறது. வீரமாமுனிவரோ அந்தச் சில வரிகளைப் படலம் படலமாக விரித்து, வழியின் கடுமையையும் அயல் மண்ணில் பிழைக்கும் பாட்டையும் காட்டுகிறார். அதிகாரத்துக்கு அஞ்சி ஆறு கடந்து வந்த குடும்பங்கள் வாழ்ந்த ஊருக்கு உரிய குரு இதனைப் பாடினார் என்பதை நினைத்துப் பார்த்தால், அப்பகுதியின் பொருள் வேறோர் ஆழத்தைப் பெறுகிறது. கடவுளே தம் குழந்தைப் பருவத்தில் ஊரை விட்டு ஓட நேர்ந்தது என்று அறியும் அகதிக்கு, தன் ஓட்டம் கடவுளால் கைவிடப்பட்டதன் அடையாளம் அன்று என்பது விளங்குகிறது. துன்பம் வராது என்ற உறுதியை இந்நம்பிக்கை எங்கும் தரவில்லை. துன்பத்தின் வழியில் கடவுள் உடன் நடக்கிறார் என்பதையே அது முதன்மையாகச் சொல்கிறது.

இவ்விடத்தில், நேயர்கள் அதிகம் கேள்விப்பட்டிராத அன்னை அழுங்கல் அந்தாதி என்னும் சிறு நூலைச் சற்று நின்று நோக்குதல் தகும். சிலுவையில் தொங்கும் மகனைக் கண்டு மரியன்னை அழுது வருந்தியதை வீரமாமுனிவர் இதில் பாடுகிறார். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக அமைவது அந்தாதி என்னும் யாப்பு வகை. ஆகவே இந்நூலில் ஒரு புலம்பல் முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அதே சொல்லிலிருந்து மற்றொன்று எழுகிறது; பெற்ற பிள்ளையை இழந்தவர்களின் துயரமும் இப்படித்தான் தொடர்கிறது என்பதை அறிந்தவர்கள் அறிவர். அடைக்கலம் தருபவளாக வணங்கப்படும் அதே தாயைக் கண்ணீர் வற்றாதவளாகவும் காட்டியது, இந்நூலின் மிகப் பெரிய ஆறுதல் என்றே கொள்ளத்தக்கது.

விவிலியமும் இதற்கு மாறாக நிற்கவில்லை. திருப்பாடல்கள் என்னும் 150 பாடல்களின் தொகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் வகுத்துள்ளனர். சிலுவையில் இயேசு எழுப்பிய கூக்குரலும் இருபத்திரண்டாம் திருப்பாடலின் தொடக்கமே. யோபு நூலில், செல்வமும் மக்களும் உடல்நலமும் ஒருசேரப் போன யோபுவைக் காண வந்த மூன்று நண்பர்கள், ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறவாமல் தரையில் அவருடன் அமர்ந்திருந்தனர். அதன்பின் அவர்கள் பேசத் தொடங்கி, அவருடைய பாவமே இதற்குக் காரணம் என்று விளக்கம் சொல்லச் சொல்ல, யோபுவின் வேதனை பெருகியது. நூலின் முடிவில் கடவுள் கண்டிப்பது, தம்மிடம் வாதாடி அழுத யோபுவை அன்று, விளக்கம் சொன்ன அந்நண்பர்களையே. துக்க வீட்டுக்குச் சென்று, கடவுள் சித்தம் என்று கூறி அழுகையை அடக்கச் சொல்வது பக்தியாகாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமோ!

இன்றைய ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் வரதராஜன்பேட்டை, தென்னூர் முதலிய பழைய கத்தோலிக்க ஊர்களைச் சூழ்ந்து முந்திரித் தோப்புகள் உள்ளன. வறுத்த முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால், அத்தொழிலில் உள்ள பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வது உண்டு; அப்படியும் விரல் நுனிகள் கறுத்து உரிந்துவிடுகின்றன. சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவைக் குறி பெற்றுத் தவக்காலத்தைத் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு எழுந்து, அந்த விரல்களாலேயே ஜெபமாலை உருட்டும் பெண்ணுக்கு, ஆணி துளைத்த கைகளைப் பற்றிய மறையுரை எதுவும் தேவைப்படுவதில்லை. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டபின், உரிய இழப்பீட்டுக்காகப் பல்லாண்டுகள் வழக்கும் காத்திருப்புமாக நாள் கழித்த குடும்பங்களையும் இங்கு நினைவுகூர வேண்டும். அவர்களுக்கு நம்பிக்கை வழக்குமன்றத்துக்கு மாற்று ஆகாது. நோயாளிக்கு அது மருத்துவமனைக்கு மாற்று ஆகாததைப் போன்றே. நடந்து நடந்து அலுத்தவர் மறுநாளும் எழுந்து நடப்பதற்கான வலிமையே அது தருவது.

அவ்வலிமை பெரும்பாலும் தனியே வருவதில்லை. பங்கின் சில வீடுகள் ஒன்றுசேர்ந்து அமைக்கும் சிறு குழுவை அன்பியம் என்பர். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், அன்பியத்தார் மாலைதோறும் அங்கே கூடி ஜெபமாலை சொல்வதும், அடுப்பு எரியாத அவ்வீட்டுக்குச் சோறு கொண்டு வருவதும் வழக்கம். 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் இளைஞரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை அவர்களின் வீட்டுக்கே சென்று பார்ப்பதைத் தன் முதற்கடமையாகக் கொண்டது. அந்தச் சபையின் கிளைகள் தமிழகப் பங்குகள் பலவற்றில் இன்றும் இயங்குகின்றன.

ஒதுக்கப்பட்ட நேரம் நிறைவுறும் நிலையில், தேம்பாவணியில் வளன் நோயுற்றுக் கிடக்கும் பகுதியையும், இயேசுவும் மரியாளும் அருகிருக்க அவர் உயிர் துறப்பதையும், நல்மரணத்தின் பாதுகாவலராக அவர் போற்றப்படுவதையும் விரித்துச் சொல்ல இயலவில்லை. 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் மறைந்த வீரமாமுனிவரின் தேம்பாவணி உரையுடன் அச்சில் உள்ளது. வரும் தவக்காலத்தில் ஜெயங்கொண்டம் வட்டாரத்துப் பங்குகளில் ஒன்றேனும், சிலுவைப்பாதை முடிந்தபின் எகிப்துப் பயணப் பகுதியையும் அன்னை அழுங்கல் அந்தாதியையும் சில பாடல்களாவது உரக்கப் படித்துப் பொருள் சொல்ல முன்வருமாயின், வீரமாமுனிவர் பணியாற்றிய மண்ணிலேயே அவை மீண்டும் கேட்கப்படும். பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு அவற்றைப் படிக்கச் செய்தல் இன்னும் நன்று.