ஊர் இணைப்பின் மேல் விழும் பழி



மெய்நிகர் மேசைக்கணினிகளின் செயல்திறனைக் கண்காணிப்பது பற்றிப் பேசத் தென்காசிப் பக்கத்துப் புளியறையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளோடு தொடங்கியது ஜோஹோ நிறுவனம். 2011 முதல் தென்காசி வட்டாரத்தில் அதற்கு அலுவலகம் உண்டு. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு உலகெங்கும் உள்ள கணினி அமைப்புகளைக் கண்காணிக்கும் கருவிகளைச் செய்கிறது. ஆகவே இத்துறை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கிராமத்தில் இருந்தபடியே சென்னையிலோ மும்பையிலோ ஓடும் கணினியில் வேலை பார்க்கிறார் ஒரு பெண். திரை இழுக்கிறது, உதவி மையத்தை அழைக்கிறார். “உங்க ஊர் நெட் சரியில்லை” என்று பதில் வருகிறது. எதையும் அளக்காமலே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. இந்த அநியாயத்தை ஒழிப்பதுதான் கண்காணிப்பின் முதல் வேலை என்பேன்.

கணக்கைப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி மில்லிவிநாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். சென்னைக்குப் போகும் கேபிள் வளைந்து நெளிந்து 1000 கிலோமீட்டரே ஆனாலும், போய்வர 10 மில்லிவிநாடிதான். அஷூர் மெய்நிகர் டெஸ்க்டாப்புக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் வரம்போ 150. ஆக, தூரம் குற்றவாளி அல்ல. சாரல் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவதும், பாக்கெட்டுகள் தொலைவதும் உண்மைதான். அவற்றையும் தனியே அளந்து காட்டுங்கள்.

பெரும்பாலும் தாமதம் வேறிடத்தில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது சேமிப்பகத்தில் வரிசை நீள்கிறது. லாகின் நேரத்தை மொத்தமாகக் குறித்துப் பயனில்லை. அடையாளச் சரிபார்ப்பு, பயனர் கோப்புறை ஏற்றம், குழுக் கொள்கைகள், திரை விரிதல் என்று பிரித்துப் பார்த்தால்தான் நோய் எங்கே என்று தெரியும். விஎம்வேரில் ‘சிபியு ரெடி’ என்றோர் அளவு உண்டு. 20 விநாடியில் 1000 மில்லிவிநாடி என்றால், மெய்நிகர் செயலி 5 சதவீத நேரம் முறைக்குக் காத்து நின்றிருக்கிறது. உள்ளே ஓடும் விண்டோஸுக்கு இது தெரியவே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த அளவு, விண்டோஸ் சர்வர் 2019-இல் வந்த ‘யூசர் இன்புட் டிலே’. விசையைத் தட்டியதும் அந்தத் தட்டல் சர்வரில் ஒரு வரிசையில் சேர்கிறது. மென்பொருள் அதை எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமானது என்பதை இது சொல்கிறது. சர்வரின் வரைபடம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும், காத்திருப்பவரின் தட்டலைத் தொடர்ந்து எடுத்த கணக்கு இது. ஐந்து நிமிடச் சராசரியை நம்பாதீர்கள். பத்து விநாடி உறைந்த திரை அதில் மறைந்துபோகும். 95-ஆம் சதமானத்தோடு உச்ச அளவையும் பாருங்கள்.

புகார் வரும்வரை காத்திராமல், மாதக் கடைசி நெரிசலும் அடங்கும்படி இயல்பு நிலையை முன்கூட்டியே பதிவு செய்துவையுங்கள். எச்சரிக்கை வரம்புகள் அதிலிருந்து பிறக்கட்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: நாம் அளப்பது இயந்திரத்தின் தாமதத்தை. ஊழியர் எந்த விசையைத் தட்டினார், திரையில் என்ன பார்த்தார் என்பது நம் வேலையல்ல. அவற்றைப் பதிவு செய்யும் வசதி கருவியில் இருந்தால் அணைத்தே வையுங்கள்.

இங்கே கட்டுரை வழங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் எண்ணும் பயனரின் கணினி, வலையமைப்பு, சர்வர் ஆகியவற்றில் எங்கே எடுத்தது என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். முதல் அமர்வு லாகின் நேரம் பற்றியது, தொடங்கலாம்.