உள்ளே ஒரு கை வேணும்

(தலைப்பு: வாழ்க்கைக்குப் பெரிதும் துணை நிற்பது உறவா? நட்பா? ‘நட்பே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அம்மா அழகாகச் சொன்னாங்க. “வாசல்ல வாழைமரம் கட்டுறவனும் மச்சான்தான், பந்தியில நின்னு பரிமாறுறவனும் மச்சான்தான்” என்று. நான் மறுக்கலை. ஆனா அதே மச்சான், தன் பேரைப் பத்திரிகையில ரெண்டாவதா போட்டுட்டாங்கன்னு பன்னிரண்டு வருஷமா பேசாம இருக்கிற கதையை அம்மா சொல்லாம விட்டுட்டாங்களே! (சிரிப்பு)

வள்ளுவர் சுற்றத்துக்கு ஒரு அதிகாரம் கொடுத்தார். நட்புக்கு அஞ்சு கொடுத்தார்.

நடுவர்: அந்த அஞ்சுல ரெண்டு, கெட்ட நட்பைப் பத்தி ஐயா!

ஐயா, ரெண்டைக் கழிச்சாலும் மூணு மிச்சம். ஒன்றுக்கு மூணு. அந்தக் கணக்கே எனக்குப் போதும். (கைதட்டல்)

எதிரணியில இன்னொன்றும் சொன்னாங்க. “அமெரிக்காவுல பக்கத்து வீட்டுக்காரன் பேர்கூடத் தெரியாது, அங்கே ஏது நட்பு?” என்று. நான் ஓஹையோ மாநிலத்தில் என் மகன் வீட்டில் ஆறு மாசம் இருந்துட்டு வந்தவன். அதனால என் சாட்சியை அங்கேயிருந்தே கூப்பிடுறேன்.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர். பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வண்டி. கார் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன வீடுங்க அது. உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் இருக்கும். ட்ரெயிலர்னு சொல்றாங்க. இது ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி 1966-ல செஞ்சது, 17 அடி நீளம். வெள்ளி முட்டையைப் படுக்க வச்ச மாதிரி இருக்கும்.

அந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவர் வாலி பையம். அவர் முதல்ல இந்த மாதிரி ஒரு வண்டி கட்டினதுக்குக் காரணம், ஊர் சுற்றப் போனா தரையில கூடாரம் போட்டுப் படுக்கறது அவர் மனைவிக்குப் பிடிக்கலை என்பதுதான். பாருங்க, பெரிய தொழிற்சாலைக்கெல்லாம் அஸ்திவாரம் எங்கே விழுதுன்னு! (சிரிப்பு) 1936-ல ஆகாய விமானம் மாதிரி அலுமினியத் தகட்டை வளைச்சு ஒரு வண்டி செஞ்சார். 1969-ல சந்திரனுக்குப் போய்த் திரும்பின மூணு பேரையும், கிருமி ஏதும் ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோன்னு அடைச்சு வச்சாங்களே, அது இந்தக் கம்பெனி வண்டியை மாற்றிக் கட்டினதுதான். கப்பல்ல நின்னுக்கிட்டு ஜனாதிபதி நிக்ஸன் அதன் கண்ணாடி வழியாத்தான் அவங்ககிட்ட பேசினார்.

சரி, நம்ம பெரியவர்கிட்ட வருவோம். ரெண்டு பேருமா ஊர் சுற்றலாம்னு அவரும் மனைவியும் ஆசையா வாங்கிப் போட்ட வண்டி. அந்த அம்மா தவறிட்டாங்க. அப்புறம் ஒன்பது மாசம் அவர் யார்கிட்டயும் பேச்சில்லை. வண்டி மேல ‘விற்பனைக்கு’ன்னு அட்டை எழுதி மாட்டிட்டார். வெளியூர்ல இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாம போன் பண்ணுவான். “அப்பா, அந்தப் பழசைத் தள்ளிவிடுங்க, நான் புதுசா வாங்கித் தர்றேன்”னு சொல்லுவான். நல்ல பையன். நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் அவரோட பழைய சிநேகிதர் ஒருத்தர் வந்தார். அட்டையைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. பிடுங்கித் தன் வண்டியில போட்டுக்கிட்டு, “சனிக்கிழமை எட்டு மணிக்கு வர்றேன்”னு போயிட்டார். வந்தார், கூட இன்னும் ரெண்டு பேரோட.

வேலை சாமானியமில்லைங்க. ஜன்னல் ஓரமா, தகட்டு இணைப்பு வழியா வருஷக்கணக்கா மழைத்தண்ணி இறங்கி, தரைப் பலகை பின்பக்கம் கை வச்சா உதிருது. அதை மாற்றணும்னா உள்தகட்டையெல்லாம் கழற்றணும். கழற்றினா, குளிருக்கு அடைச்ச பஞ்சு முழுக்க எலிக்கூடு. அடியில இரும்புச் சட்டம் துரு. கடைசியில மேல்கூட்டையே அப்படியே தூக்கி நிறுத்திட்டு, சட்டத்தை வெல்டிங் பண்ணி, புதுப் பலகை போட்டு, மறுபடியும் கூட்டை இறக்கினாங்க. அதுல ஒருத்தருக்கு முதுகு சரியில்லை, குனிய முடியாது. அவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கழற்றின ஒவ்வொரு தகட்டுக்கும் நம்பர் எழுதுவார், திருகாணியை எல்லாம் ஜாம் பாட்டில்ல தனித்தனியா போடுவார். அந்தப் பாட்டில்கள் இல்லைன்னா வண்டி திரும்ப வண்டியாகியிருக்காது.

இப்போ நான் சொல்ல வந்த இடம். வெளித் தகட்டைச் சேர்க்கிறது ரிவிட்டு. நம்ம ஊர்ல ஒருத்தனுக்கு ரிவிட்டு அடிக்கிறதுன்னா வேற அர்த்தம்! (சிரிப்பு) இது நிஜ ரிவிட்டு. வெளியே ஒருத்தர் காற்றுத் துப்பாக்கியை வச்சு அடிக்கணும். அதே நொடியில உள்ளே ஒருத்தர் இரும்புக் கட்டியை ஆணியோட வாலில் அழுத்திப் பிடிக்கணும். அப்பத்தான் வால் நசுங்கித் தகட்டை இறுக்கும். உள்ளே ஆள் இல்லைன்னா எவ்வளவு அடிச்சாலும் பிடிக்காது, தகடுதான் ஒடுங்கும். ஒரு பக்கத்துல நின்னே அடிக்கிற ரிவிட்டும் இருக்கு, ஒட்டுப்போட ஆகும். ஆனா இவங்க அதைத் தொடலை.

சிநேகிதர் என்ன பண்ணினார் தெரியுமா? துப்பாக்கியைத் தான் வச்சுக்கிட்டார். இரும்புக் கட்டியைப் பெரியவர் கையில கொடுத்து, “நீ உள்ளே போ”ன்னுட்டார். சத்தத்துல பேச்சு கேட்காது. காதுல வேற பஞ்சு. அதனால தட்டுதான் பாஷை. உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டினா ‘சரியாப் போச்சு’. ரெண்டு தட்டினா ‘இன்னும் அடி’. மூணு தட்டினா ‘கெட்டுப்போச்சு, எடுத்துட்டு வேற போடு’. நான் வேலி ஓரமா நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். டர்ர்... டக். டர்ர்... டக் டக். ஒன்பது மாசமா பேசாத மனுஷன் பேச ஆரம்பிச்சது அப்படித்தாங்க. சாயங்காலம் வெளியே வந்து, “உனக்கு அடிக்கவே தெரியலைடா”ன்னு சிநேகிதரைத் திட்டினார். வாயால! (கைதட்டல்)

மகன் பணம் அனுப்பியிருப்பான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா ஐயா, உள்ளே கட்டி பிடிக்கிற வேலையை மணியார்டர்ல அனுப்ப முடியுமா? முறை சொல்லி வர்ற உறவு வாசல்ல நின்னு, “ஏன்ப்பா இப்படி இருக்கே?”ன்னு கேட்கும். பதில் சொல்ல வேண்டிய பாரம் நம்ம மேல விழும். அந்தச் சிநேகிதர் கேள்வியே கேட்கலையே! கையில ஒரு வேலையைக் கொடுத்தார்.

நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ரப்பர் குழாயில தண்ணி பீய்ச்சி, உள்ளே டார்ச் அடிச்சு ஒழுகுதான்னு பார்த்தாங்க. ரெண்டு இடத்துல கசிஞ்சது, அடைச்சாங்க. அப்புறம் நாலு கிழவர்களும் ஹாக்கிங் ஹில்ஸ் மலைப் பக்கம் கிளம்பினாங்க. 17 அடி வண்டியில நாலு பேர் படுக்க இடம் போதாது. யார் வண்டிக்குள்ள, யார் வெளியே கூடாரத்துலன்னு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை.

மணி அடிச்சுட்டீங்க. உறவுக்காரங்க வந்து பேசட்டும்.