வெற்றெழுத்தை நிறைத்து வரைதல்

(நூலகக் கைவினைப் பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



கடந்த ஆண்டு மூத்தோர் ஒன்றுகூடலுக்காக, கைவினை வெட்டுப்பொறியில் மார்க்கர் பேனையைப் பொருத்தி வழிகாட்டிப் பலகையொன்றை வரைந்தேன். அருகில் நின்று பார்த்தபோது அழகாகவே இருந்தது. ஆயினும் முதிய அம்மா ஒருவர் அதனைக் கடந்து சென்று, வேறொரு கதவருகே நெடுநேரம் காத்திருந்தார். பலகையில் இருந்தவை எழுத்துகளின் ஓரக்கோடுகள் மட்டுமே. தொலைவிலிருந்து அவை அவருக்குப் புலப்படவில்லை.

இதற்கான காரணம் எளியது. கிரிக்கட் போன்ற பொறிகள், கத்தி செல்லும் பாதையிலேயே பேனையையும் செலுத்துகின்றன. கணினி எழுத்துருக்களிற் பெரும்பாலானவை ஓரக்கோடுகளால் அமைந்தவை. ஆகவே உட்புறம் வெறுமையாக எஞ்சுகின்றது.

அதனை நிரப்ப இரு வழிகள் உள்ளன. முதலாவது, ஓரக்கோட்டை உட்புறமாகப் படிப்படியாகச் சுருக்கி, ஒன்றினுள் ஒன்றாகப் பல கோடுகளை அமைத்தல். கிரிக்கட் செயலியின் 'ஆஃப்செட்' கருவியில் உட்புற அளவைத் தெரிவுசெய்து இதனைச் செய்யலாம். இரண்டாவது, இன்க்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் எழுத்தினுள் நெருக்கமான இணைகோடுகளை வரைந்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்தல். எவ்வழியாயினும், செயலியில் அக்கோடுகளை வெட்டும் கோடுகளாக விடாது பேனைக் கோடுகளாக மாற்றி, 'அட்டாச்' கட்டளையால் ஒன்றிணைத்தல் வேண்டும். இணைக்காவிடின் அவை இடம் மாறிவிடும்.

கோடுகளின் இடைவெளி பேனை முனையின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக இருத்தல் நன்று. முனை 1 மி.மீ. எனில் 0.8 மி.மீ. பொருந்தும். இடைவெளி கூடினால் வெண்கீற்றுகள் தெரியும். மிகக் குறைந்தால் மை ஊறிக் கடதாசி நைந்துவிடும். எனவே தடித்த அட்டையையே பயன்படுத்துங்கள். முதலில் ஓர் எழுத்தை மட்டும் வரைந்து பாருங்கள்.

தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் கவனம் தேவை. 'ண', 'ன' ஆகியவற்றின் சுழிகள் சிறிதாயின் மையால் அடைபட்டுவிடும், எழுத்தைப் பெரிதாக்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளியையும் நிரப்ப மறவாதீர்கள். நிரப்பாவிடின் அது சிறு வளையமாகவே தோன்றும்.

நிரப்பி வரைவதற்குக் கூடுதல் நேரம் செல்லும். ஆயினும் இவ்வாண்டு அதே அம்மா, வாயிலில் நின்றவாறே பலகையை உரத்து வாசித்து, எவரையும் கேளாமல் உள்ளே வந்தார். அந்த நேரம் வீணாகவில்லை.