தற்கொலை பற்றிய தவறான எண்ணங்கள்



"சாவேன் என்று சொல்பவன் சாகமாட்டான்" என்பது நம்மூர்த் திண்ணைப் பேச்சு. அது பிழை. உயிரை மாய்த்துக்கொண்டோரிற் பலர் முன்னரே யாரிடமேனும் குறிப்பாகச் சொல்லியிருக்கின்றனர். ஆகவே, "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா, தம்பி?" என நேராகவே கேளுங்கள். கேட்பதனால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது, பாரமே இறங்கும்.

"ஒரு வழியை அடைத்தால் மறுவழி தேடுவான்" என்பாரும் உளர். இலங்கை அரசு 1995-இல் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றைத் தடுத்தது. இருபதாண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. சாகத் துணியும் வேகம் பெரும்பாலும் சிறுபொழுதில் தணிவது. அப்பொழுது நஞ்சு கைக்கெட்டலாகாது. வாழைக்கு அடிக்கும் மருந்தைக் கூரையிடுக்கில் செருகும் வழக்கம் இன்றே ஒழிய வேண்டும்.

வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் மறைப்போர் உண்டு. முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. தயங்காமல் ஆசாரிப்பள்ளத்துக்கு விரையுங்கள்.

"கோழை" என்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கல்லூரி விடுதியில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்ட நம் பிள்ளையைக் கோழை என்பது, இழிவு செய்தவனைத் தப்பவிடுவதாகும்.

2022 முதல் இயங்கும் 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் இரவும் பகலும் தமிழிற் பேசலாம். அவ்வெண்ணைச் சங்கச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.