நீருக்குள் ஒரு மரம்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் நம்மிடையே பலர். நீர்ச்செடி வளர்ப்போர் சிலர். அத்தொட்டியினுள் ஒரு மரத்தையே நிறுத்த முயல்வோர் மிகச் சிலர். அது உயிருள்ள மரமன்று. நீர் ஒதுக்கிய கட்டைகளை இணைத்து, பாசியைத் தழையாகப் போர்த்தி அமைக்கும் சிற்பம். நீர்த்தோட்டக் கலைக்கு உலகெங்கும் பெயர் தேடித்தந்த ஜப்பானியர் தக்காஷி அமானோ, தாம் காலமான 2015ஆம் ஆண்டில், லிஸ்பன் நகரிலே 40 மீற்றர் நீளத் தொட்டியொன்றைக் காடாக்கிக் காட்டினார். நமக்கு 2 அடித் தொட்டி போதும்.

கட்டையைத் தெரிவு செய்வதே பாதி வேலை. பச்சை மரம் ஆகாது. அதன் சாறு நீரில் அழுகி, மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைக் குறைத்துவிடும். நெடுங்காலம் ஆற்றிலோ குளத்திலோ கிடந்து, மென்மையான பகுதியெல்லாம் உதிர்ந்து, வைரம் மட்டும் எஞ்சிய கட்டையே ஏற்றது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் விட்டுவிடுங்கள். நெளிவின் அழகுக்காகக் கண்டல் வேரை வெட்டி வருவாரும் உளர். மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் அவ்வேரிடுக்குகள் அன்றோ? அவற்றை அழித்துத் தொட்டிமீனுக்கு அழகு தேடுவது என்ன நியாயம்?

கட்டையைத் துலக்கி, அவித்து, தானே அமிழும்வரை வாரக்கணக்கில் ஊறவிடல் வேண்டும். நீர் வெறுந்தேநீரின் நிறம் கொள்ளும். கட்டையிலுள்ள துவர்ப்புப் பொருளே இதற்குக் காரணம். மீனுக்குத் தீங்கில்லை, ஆயினும் செடிக்குரிய ஒளியை மறைக்கும். ஆகவே ஊறும் நீரை அடிக்கடி மாற்றுங்கள்.

வேர் விரிந்த கட்டையைத் தலைகீழாக நிறுத்தினால், வேர்களே கிளைகளாகிவிடும். குறைந்த இடத்திற் சுள்ளிகளைப் பொருத்துங்கள். தடித்த முனை அடிமரத்தையும் மெலிந்த முனை வெளியையும் நோக்கவேண்டும். இதிற் பிழைத்தால், எத்துணைப் பாசி போர்த்தினாலும் விறகுக்கட்டாகவே தோன்றும். துருவேறா உருக்கு ஆணியே நன்று. பித்தளை வேண்டா; அதிலுள்ள செம்பு நீரிற் கலந்தால் இறால்கள் மடியும். அடியைக் கனத்த கற்பலகையோடு முடுக்கிவிட்டு, தொட்டியின் நடுவில் வையாது சற்று ஒருபுறம் ஒதுக்குங்கள்.

தழைக்கு ஜாவாப் பாசி. பருத்தி நூலால் மெல்லிய படலமாகக் கட்டவேண்டும். தடிப்பாகக் கட்டினால் உட்பாசி ஒளியின்றி மடியும். தொடக்கத்தில் கட்டைமேல் வெண்ணிற வழுவழுப்பு ஒன்று படரும். அதற்கஞ்சிக் கட்டையையே எறிந்தோர் உண்டு. வீண் அச்சம், சில வாரங்களில் அது தானே மறையும்.

மரநிழலில் நடுவதற்கு நம் நாட்டுச் செடியே உண்டு. சேம்பின் சுற்றமான கிரிப்டோகொரைன் இனங்களுட் சில இலங்கையின் ஓடைகளுக்கே உரியவை. குறைந்த ஒளியிலும் வளர்பவை. ஓடையிற் பிடுங்காது, பண்ணையில் வளர்த்ததை வாங்குங்கள். மீனும் சிறிதாயிருக்கட்டும். உள்ளங்கை அகல மீனொன்று கிளையருகே வந்தால், மரம் செடியாகச் சிறுத்துவிடும். சிறு மீன்கள் கூட்டமாகச் சென்றாலோ, மாலையிற் பறவைகள் அடையவருவது போலிருக்கும். பாசி தழைத்தபின் மாதமொரு முறை கத்தரித்து, உதிர்ந்த துணுக்குகளைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லையேல் கிளை மறைந்து, மரம் புதராகிவிடும்.